பழைய இன்ஜின் ஆயிலில் லாரி ஓடுமா? கேள்வி பதில்

டீசல் விலை ஏற ஏற, ஒரே கேள்வி பல வாய் வழியாக என்னிடம் வருகிறது: இன்ஜினில் இருந்து இறக்கிய ஆயிலை வடிகட்டி டீசல் டேங்கில் ஊற்றலாமா? இன்ஜினுக்கு டீசலைத் தள்ளும் பம்ப், அதை உள்ளே பீய்ச்சும் நாசில், இந்த இரண்டையும் பழுது பார்ப்பதுதான் என் தொழில். வந்த கேள்விகளை எல்லாம் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

சங்ககிரி, லாரி உரிமையாளர்: அண்ணே, அமெரிக்காவில் பழைய டாட்ஜ் பிக்கப்பை இப்படித்தான் ஓட்டுறாங்க. அதுவும் 5.9 லிட்டர் கம்மின்ஸ், நம்ம டாடாவில் இருந்ததும் அதே கம்மின்ஸ். அங்கே ஓடுவது இங்கே ஓடாதா?

ஓடும்ங்க. ஓடாது என்று சொன்னால் அது பொய். 1994 முதல் 98 வரை வந்த டாட்ஜில் பாஷ் பி7100 இன்லைன் பம்ப், அதாவது சிலிண்டருக்கு ஒரு எலிமெண்ட் (டீசலைத் தள்ளும் சின்ன பிஸ்டன்) என்று வரிசையாக வைத்தது. இன்லைன் பம்ப்பின் கேம்ஷாஃப்டுக்கு லூப்ரிகேஷன் இன்ஜின் ஆயிலில் இருந்து வருகிறது, டீசலை நம்பி இல்லை. அதனால் எண்ணெய் கொஞ்சம் தடித்தாலும் தாங்கும். அமெரிக்க ராணுவத்தின் எம்35 லாரிக்கு மல்டிஃப்யூவல், அதாவது பலவகை எரிபொருளில் ஓடும் இன்ஜினே வைத்திருந்தார்கள். ரோட்டரி பம்ப் வைத்த வண்டி என்றால் கதை வேறு. அதன் உள்பாகம் முழுக்க டீசலில்தான் நனைந்து சுற்றுகிறது. தடித்த, அழுக்கான எண்ணெய் போனால் பம்ப்பின் சுற்றும் ஹெட் பிடித்துக்கொள்ளும்.

ஆனால் அந்த வீடியோக்களில் வருவது பெரும்பாலும் சொந்த உபயோக பிக்கப். நம் வண்டி முழு லோடோடு தொப்பூர் கணவாய் ஏறுகிற வண்டி. நான் ஸ்டார்ட் ஆகுமா என்று பார்ப்பதில்லை. வால்வும் டர்போவும் (புகையின் வேகத்தில் சுற்றி இன்ஜினுக்குக் காற்று தள்ளுவது) எத்தனை நாள் தாங்கும் என்றுதான் பார்ப்பேன்.

நாமக்கல், டிரைவர்: ஒரு மைக்ரான் ஃபில்டரில் விட்டு, சென்ட்ரிஃப்யூஜிலும் (வேகமாகச் சுற்றி அழுக்கைப் பிரிக்கும் மெஷின்) சுற்றிவிட்டால் சுத்தமாகிவிடாதா?

தம்பி, எல்லாரும் சறுக்குவது இந்த இடத்தில்தான். ஃபில்டரில் இரும்புத் தூள், மண், கசடு நிற்கும். சென்ட்ரிஃப்யூஜ் இன்னும் கொஞ்சம் நுணுக்கமானதையும் தண்ணீரையும் பிரிக்கும். அப்படியும் ஆயில் கருப்பாகவே இருக்கும். காரணம், கரித்தூள் ஒன்றோடொன்று சேராமல் மிதக்க வேண்டும் என்றே ஆயிலில் மருந்து சேர்த்திருக்கிறார்கள்.

அதைவிடப் பெரிய சங்கதி கண்ணுக்கே தெரியாது. துத்தநாகம், கால்சியம், பாஸ்பரஸ் எல்லாம் புது ஆயிலிலேயே கரைந்திருக்கும் சேர்மானங்கள். கரைந்ததை எந்த ஃபில்டரும் பிடிக்காது. எரிந்தால் அத்தனையும் சாம்பல். டீசலில் சாம்பல் 0.01 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது நம் நாட்டுத் தர அளவு. லாரி இன்ஜின் ஆயிலில் அது ஒரு சதவீதத்தை ஒட்டியோ, அதற்கு மேலோ இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 100 லிட்டர் ஆயில் எரிந்தால் ஏறக்குறைய ஒரு கிலோ சாம்பல். அதில் ஒரு பங்கு சைலன்சர் வழியாக வெளியே போகும். மிச்சம் வால்வு சீட்டிலும் பிஸ்டன் ரிங் உட்காரும் காடியிலும் டர்போவின் சூடான பக்கத்திலும் உட்காரும்.

இப்படி ஓடிய வண்டியின் நாசிலைக் கழற்றினால் பார்த்த உடனே தெரியும். டீசல் கரி என்றால் கருப்பாக இருக்கும், பிரஷ் போட்டால் உதிரும். இது சாம்பல் நிறத்தில், ஓட்டை ஓரமெல்லாம் மேலெழும்பி ஓடு கட்டியிருக்கும். நகத்தால் சுரண்டினால் வராது. அந்த ஓடு ஸ்ப்ரேயைத் திருப்பிவிடும், டீசல் பிஸ்டன் மேல் நேராக அடிக்கும்.

திருச்செங்கோடு, ரிக் (ஆழ்துளைக் கிணறு போடும் வண்டி) உரிமையாளர்: போர் போடும்போது கம்ப்ரஸர் இன்ஜின்தான் டீசலைக் குடிக்குது. ரோட்டில் ஓடாத இன்ஜினுக்கு மட்டும் ஊத்தலாமுங்களா?

அதுக்குத்தான் ஊத்தவே கூடாதுங்க. மணிக்கணக்கில் ஒரே வேகத்தில் சுற்றி முழு லோடு இழுக்கிற இன்ஜின் அது. எக்ஸாஸ்ட் சூடு குறையவே குறையாது, அந்தச் சூட்டில் சாம்பல் இறுகி வால்வில் ஒட்டும். பாதி போரில் வால்வு எரிந்து, துளை போடும் ராடு உள்ளே நின்றுவிட்டால் என்ன செலவு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஈரோடு: ஊரான் ஆயில் வேண்டாம். என் வண்டியில் இறக்கியதை மட்டும், டீசலோடு கொஞ்சமாகக் கலந்தால்?

கேட்டதிலேயே நியாயமான கேள்வி இது. கம்மின்ஸ் கம்பெனியே சென்டினல் என்ற ஏற்பாட்டில் ஓடுகிற இன்ஜினின் ஆயிலைச் சிறுகச் சிறுக எடுத்து டீசலோடு எரித்து, அந்த அளவுக்குப் புது ஆயில் சேர்த்தது. கந்தகம் குறைந்த டீசலும் புகை வடிகட்டியும் வருவதற்கு முந்தைய காலம் அது.

ஆனால் லாபத்தைப் பாருங்கள். 20,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை 15 லிட்டர் ஆயில் இறக்குகிறீர்கள் என்று வையுங்கள். லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் என்றால் அதற்குள் எரித்த டீசல் 5,000 லிட்டர். உங்கள் ஆயில் அதில் 0.3 சதவீதம். டீசல் செலவு குறைய வேண்டும் என்றால் ஒர்க்‌ஷாப் ஒர்க்‌ஷாப்பாகப் பேரல் வாங்க வேண்டும். அந்தப் பேரலில் கியர் ஆயில், பிரேக் ஆயில், கூலன்ட், தின்னர் என எது கலந்திருக்கிறது என்று விற்கிறவனுக்கே தெரியாது.

கரூர்: பெட்ரோல் ஊற்றி இளக்கினால் பம்ப்புக்குச் சுலபம்தானே?

செய்யாதீர்கள். லாரிக்கு ஊற்றும் 15டபிள்யூ-40 ஆயில் 40 டிகிரி சூட்டில் டீசலைவிட இருபது மடங்குக்கு மேல் தடிப்பு, அதனால்தான் பெட்ரோல் ஞாபகம் வருகிறது. பெட்ரோல் கலந்த டேங்கில் மேலே நிற்பது தீப்பற்றும் ஆவி. பக்கத்தில் யாராவது வெல்டிங் வைத்தால் போதும், உயிர் போகும்.

கோவை: என் வண்டி பிஎஸ்6, புதுப் புகை விதிப்படி வந்தது. அதில் ஊற்றலாமா?

ஒரு சொட்டுகூட வேண்டாம். அதில் டீசலைப் பீய்ச்சும் காமன் ரெயில் இன்ஜெக்டர் வேலை செய்வது 1,600 பார், அதற்கும் மேலான அழுத்தத்தில். டிபிஎஃப் என்ற புகை வடிகட்டியில் கரி சேர்ந்தால் ரீஜெனரேஷனில் (வடிகட்டி தானே சூடேறிச் சுத்தமாவது) எரிந்துவிடும், சாம்பல் எரியாது, அடைத்துக்கொள்ளும். பாஸ்பரஸ், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிஸ்டைக் கெடுக்கும்.

சேலம்: போலீஸ் பிடித்தால் கேஸ் ஆகுமா?

பழைய ஆயில் 2016 ஆம் ஆண்டு விதிகளின்படி அபாயக் கழிவு. அனுமதி பெற்ற மறுசுழற்சி ஆலைக்குத்தான் கொடுக்க வேண்டும். 2024 ஏப்ரல் 1 முதல் ஆயில் கம்பெனிகளுக்கும் அதில் பொறுப்பு வந்திருக்கிறது. உண்மையில் அந்த ஆயிலின் அருமை ஆலையில்தான் தெரியும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் துறை சொல்லும் கணக்குப்படி, சுமார் 2.4 லிட்டர் புது ஆயில் எடுக்க 159 லிட்டர் கச்சா எண்ணெய் வேண்டும். பழைய ஆயில் என்றால் 3.8 லிட்டர் போதும். அதைப் புகையாக்கி ஊர்க் குழந்தைகள் மூச்சில் ஏற்றுவதில் எனக்கு மனம் ஒப்பவில்லை. கையாளும்போது உறை போடுங்கள், அது தோலுக்கும் ஆகாது.

ராசிபுரம், இரண்டு லாரி வைத்திருக்கும் அம்மா: டிரைவர் எனக்குத் தெரியாமல் ஊற்றி ஓட்டியிருக்கிறார் தம்பி. காலையில் ஸ்டார்ட் ஆக நேரமாகுது, வெள்ளைப் புகை வருது.

முதலில் டேங்கை முழுக்க இறக்கிக் கழுவுங்கம்மா. டீசல் ஃபில்டர் இரண்டையும் மாற்றுங்கள். நாசில் எல்லாவற்றையும் கழற்றி டெஸ்டரில் வைத்து ஸ்ப்ரே பார்க்கச் சொல்லுங்கள், ஒழுகுகிற நாசிலைத் துடைத்துத் திரும்பப் போட விடாதீர்கள். டேப்பெட் கேப் (வால்வுக்கு மேல் விடும் சின்ன இடைவெளி) பார்க்கச் சொல்லுங்கள். ஒரு எக்ஸாஸ்ட் வால்வில் மட்டும் கேப் மாறியிருந்தால் இன்ஜின் ஹெட்டை இறக்கித்தான் ஆக வேண்டும். இதெல்லாம் முடிந்து சுத்தமான டீசலில் இரண்டு லோடு அடித்த பிறகும் புகை நிற்கவில்லை என்றால் பம்ப்பைக் கழற்றிக் கொண்டு வாருங்கள், எலிமெண்ட்டைப் பார்த்துவிடலாம். அதற்கு முன்னால் பம்ப்பில் யாரையும் கை வைக்க விடாதீர்கள்.