பழவேற்காட்டில் எனக்குப் பிடித்த இடங்கள்

சென்னைக்கு வடக்கே ஏரிக்கரையில் இருக்கும் பழைய ஊரான பழவேற்காட்டில், அங்கேயே வசிப்பவர்களுக்குப் பிடித்த இடங்கள் எவை என்று கேட்டிருக்கிறீர்கள். நான் அந்த ஊர்க்காரன். அப்பா வழியில் எல்லோரும் ஏரியில் வலை போட்டவர்கள். எனக்குப் பொன்னேரியில் வேலை, வீடு இன்னும் ஊரில்தான்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கடைத்தெருவைக் கூடத் திரும்பிப் பார்க்காமல் பாலத்தைத் தாண்டி லைட் ஹவுஸ் குப்பம் கடற்கரைக்குப் போய்விடுகிறார்கள். குளியல், மீன் வறுவல், நாலு செல்பி, அவ்வளவுதான். கிளம்பும்போது "ஊருக்குள்ள பாக்க ஒண்ணுமில்லையே" என்று வேறு சொல்வார்கள். எத்தனை மணிக்கு வந்தீர்கள் என்று கேட்டால் பதினொன்று, பதினொன்றரை என்பார்கள். அந்த நேரத்துக்கு இங்கே வெயிலும் காக்கையும்தான் இருக்கும். இந்த ஊரில் எங்கே போகிறோம் என்பதைவிட எப்போது போகிறோம் என்பதுதான் கணக்கு. அதனால் இடத்தோடு நேரத்தையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் மீன் ஏலம். விடியற்காலையில் படகுகள் கரை சேரச் சேர ஏலம் நடக்கும். வெயில் ஏறினால் முடிந்துவிடும். கடல் மீனும் ஏரி மீனும் ஒரே இடத்தில் வந்து விழுவது இதன் விசேஷம். ஏரி மீனில் மடவைதான் எங்களுக்கு ராஜா. கிழங்கான், கொடுவா, இறால், அப்புறம் சேற்று நண்டு. நண்டை உயிரோடுதான் விற்பார்கள், கொடுக்கு இரண்டையும் உடம்போடு சேர்த்துக் கயிற்றால் கட்டியிருப்பார்கள். பெரிதாக இருக்கிறதே என்று வாங்கி ஏமாறுகிறவர்கள் நிறைய. என் அம்மா என்னை முதன்முதலில் நண்டு வாங்க அனுப்பியபோது சொன்னது: "டேய், எடையப் பாக்காத, வயித்தப் பாரு." நண்டைத் திருப்பிப் பிடித்து, கடைசிக் கால் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் ஓட்டைக் கட்டைவிரலால் அழுத்த வேண்டும். கல் மாதிரி இருந்தால் உள்ளே சதை இருக்கிறது. அமுங்கினால் சமீபத்தில் ஓடு கழற்றிய நண்டு, குழம்பில் போட்டால் தண்ணீர்தான் மிஞ்சும். விற்கிற அக்காவுக்கு நீங்கள் அழுத்திப் பார்ப்பது பிடிக்காது. பரவாயில்லை, அழுத்துங்கள்.

ஏலம் முடிந்ததும் ஏரிக்கரைக்கு. எந்தக் கரை என்று குறிப்பாகச் சொல்ல முடியாது, நீர் வற்றுகிற நேரத்தில் ஆழமில்லாத கரையாகப் பார்த்து நடங்கள். அங்கே இருளர் பெண்கள் இறால் பிடிப்பதைப் பார்க்கலாம். வலை கிடையாது, தூண்டில் கிடையாது. இடுப்பளவோ முழங்காலளவோ தண்ணீரில் உட்கார்ந்தும் தவழ்ந்தும் நகர்வார்கள். இரண்டு கையும் சேற்றைத் தடவிக்கொண்டே போகும். ஓலையில் முடைந்த பறியை வாயில் கவ்வியிருப்பார்கள். கையில் இறால் தட்டினால் பிடித்துப் பறிக்குள் போட்டுவிட்டு அடுத்த அடி. பல்லில் பறி இருப்பதால் பேச்சு இருக்காது. மணிக்கணக்கில் உப்புத் தண்ணீரில் கிடப்பதால் கையெல்லாம் வெட்டும் கீறலுமாக இருக்கும். தயவுசெய்து கேமராவைத் தூக்கிக்கொண்டு கிட்டப் போகாதீர்கள். கரையில் நின்று பார்த்தாலே போதும்.

இந்த இறாலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஊரின் பிழைப்பே அதில்தான் இருக்கிறது. இறால் முட்டையிடுவது கடலில். குஞ்சுகள் கடல் ஏற்றத்தோடு முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்து, இங்கே உள்ள சேற்றில் தின்று வளர்ந்து, பிறகு கடலுக்குத் திரும்பும். முகத்துவாரம் திறந்திருந்தால்தான் இந்தப் போக்குவரத்து நடக்கும். கோடையில் ஆற்றுத் தண்ணீர் நின்று, கடல் மணலைக் கொண்டுவந்து தள்ளினால் வாய் அடைந்துவிடும். ஏரித் தண்ணீர் வற்றி உப்பு ஏறும், இறாலும் வராது, படகும் கடலுக்குப் போக முடியாது. வடகிழக்குப் பருவமழையில் ஆரணி ஆற்று வெள்ளம் வந்து வாயை உடைத்துத் திறந்துவிடும். அந்த மணல் திட்டும் வாயும் தெரிகிற மாதிரி நின்று, கடலும் ஏரியும் ஒன்றையொன்று தள்ளுவதைப் பார்ப்பது எனக்கு ஊரிலேயே மிகப் பிடித்த வேலை. ஏற்றமும் வற்றமும் மாறும் சமயத்தில் தண்ணீர் சற்று நேரம் எந்தப் பக்கமும் போகாமல் நிற்கும். ஆனால் அங்கே இறங்கிக் குளிக்காதீர்கள். மேலே அமைதியாகத் தெரிந்தாலும் அடியில் இழுப்பு பயங்கரமாக இருக்கும்.

ஏரியில் யார் எங்கே வலை கட்டலாம் என்பதற்கும் ஒரு முறை உண்டு. "பாடு" என்போம். முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இறால் அதிகம் கிடைக்கும் இடங்கள் சிலதான். அவற்றுக்கு அடித்துக்கொள்ளாமல் இருக்க, கோட்டைக்குப்பம், நடுவூர் மாதா குப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய ஊர்கள் முறை வைத்துக்கொண்டு, சீட்டுக் குலுக்கிப் பிரித்துக்கொள்ளும். இன்று நல்ல இடம் கிடைத்தவருக்கு நாளை சுமாரான இடம். பெரியப்பா காலத்தில் சீட்டு எடுக்கும் நாள் திருவிழா மாதிரி இருக்கும் என்பார்கள். உரிமை இல்லாத ஊர்க்காரர்களுக்கு இதில் மனத்தாங்கலும் உண்டு, அது நியாயமான மனத்தாங்கல்தான் என்பது என் எண்ணம்.

சரி, வரலாற்றுக்கு வருவோம். டச்சுக் கல்லறையை எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்கிறேன். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. பூட்டியிருந்தால் காவலரைத் தேடிப் பிடியுங்கள். வாசலில் இரண்டு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கும். சின்ன வயதில் அந்த வழியாகப் போகும்போது கண்ணை மூடிக்கொண்டு ஓடுவோம். உள்ளே குடும்பச் சின்னங்களும் பூவேலையும் நிறைந்த பெரிய பெரிய கல் பலகைகள், கூம்பு கூம்பாகச் சில நினைவுத் தூண்கள். உச்சி வெயிலில் போனால் எழுத்து எதுவும் தெரியாது. காலை எட்டு மணிக்குள் அல்லது மாலை நாலரைக்கு மேல் போனால் சாய்வான வெயிலில் ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக எழுந்து நிற்கும்.

டச்சுக்காரர்கள் 1613-ல் இங்கே கட்டிய கோட்டைக்கு கெல்ட்ரியா என்று பெயர். சோழமண்டலக் கரை முழுவதற்கும் அதுதான் அவர்களுக்குத் தலைமையிடம். 1690-ல் தலைமையை நாகப்பட்டினத்துக்கு மாற்றும்வரை எங்கள் ஊர் பெரிய ஊர். இங்கே நெய்த துணி கிழக்கே மசாலாத் தீவுகளுக்குப் போய், பதிலுக்குக் கிராம்பும் ஜாதிக்காயும் கைமாறின. பளையகாட் கைலி என்று இன்றைக்கும் கடையில் கேட்கிறீர்களே, அந்தப் பெயரில் இருப்பது நாங்கள்தான். துணி மட்டும் போகவில்லை. 17-ஆம் நூற்றாண்டில் பஞ்சத்திலும் போரிலும் நொடித்தவர்களை ஆயிரக்கணக்கில் அடிமைகளாக வாங்கி இதே துறையிலிருந்து பத்தாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, கப்பலேற்றினார்கள். கல்லறையில் வேலைப்பாட்டை ரசிக்கும்போது அதுவும் ஞாபகத்தில் இருக்கட்டும். ஏற்றிவிடப்பட்டவர்களுக்கு ஊரில் ஒரு செங்கல் கூட நினைவாக இல்லை.

கோட்டையைப் பார்க்க ஆசைப்பட்டு வந்தால் ஏமாற்றம்தான். சீமைக் கருவேலம் மண்டிய மேடும் அகழியின் தடமும்தான் மிச்சம். அதற்காகத் தனியாக அலைய வேண்டாம். போர்த்துகீசியர் 1515-ல் தொடங்கிய மகிமை மாதா கோயிலும் அப்படித்தான். வழிபாடு பழையது, இப்போது இருக்கும் கட்டடம் புதியது. பழைய கட்டடத்தைத் தேடி வருகிறவர்கள் முகம் வாடித் திரும்புவதைப் பார்த்திருக்கிறேன்.

எனக்குக் கல்லறையைவிடப் பிடித்தது சின்னப் பள்ளிவாசலில் உள்ள சூரியக் கடிகாரம். 1914-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. தொழுகை நேரம் பார்ப்பதற்காக வைத்தது. வெளியாட்கள் பெரும்பாலும் தவறவிடும் பொருள் இதுதான். அனுமதி கேட்டுவிட்டு உள்ளே போங்கள், மறுக்க மாட்டார்கள். பன்னிரண்டு மணியை ஒட்டிப் போய், நிழல் காட்டும் நேரத்தையும் உங்கள் செல்போன் நேரத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போகாது. இந்திய நேரம் நமக்குக் கிழக்கே உள்ள தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிட்டது, அதனால் நம் ஊரில் சூரியன் சராசரியாக ஒன்பது நிமிடம் தாமதமாகத்தான் உச்சிக்கு வரும். அதிலும் மாதத்துக்கு மாதம் மாறும். நவம்பர் தொடக்கத்தில் நிழல் செல்போனைக் கொஞ்சம் முந்திக்கொள்ளும், பிப்ரவரியில் இருபது நிமிடத்துக்கு மேல் பின்தங்கும். பள்ளிக்கூடத்தில் எனக்குப் புரியாத இந்தப் பாடம் அந்த நிழலைப் பார்த்துத்தான் மண்டையில் ஏறியது.

பள்ளிவாசல் தெருக்களில் சும்மா நடப்பதே நல்ல பொழுதுபோக்கு. திண்ணை வைத்த பழைய வீடுகளில் முஸ்லிம் பெண்கள் பனை ஓலையில் பெட்டி, கூடை, தட்டு முடைவார்கள். சாயம் தோய்த்த ஓலையைக் கத்தியால் நார் நாராகக் கிழித்து, ஈரம் காயும் முன் பின்ன வேண்டும். காய்ந்துவிட்டால் முறியும். வாங்குவதாக இருந்தால் முடைகிறவர்களிடமே வாங்குங்கள், பேரம் பேசாதீர்கள். ஒரு மூடி போட்ட பெட்டிக்குப் பின்னால் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் பேரம் பேச வாய் வராது.

மாலைக்கு ஆதிநாராயணப் பெருமாள் கோயில். விஜயநகர காலத்துக் கோயில், செம்புறாங்கல்லில் கட்டியது. சாயங்கால வெயில் அந்தச் சிவப்பில் விழுவதற்காகவே நான் போவேன். உள்ளங்கை அளவே உள்ள ராமாயணச் சிற்பங்கள் இருக்கின்றன, அவசரமாகப் போனால் கண்ணில் படாது. குழந்தைகளோடு வருகிறவர்கள் "அனுமார் எங்கே இருக்கார், கண்டுபிடி" என்று விட்டுவிடலாம், அரை மணி நேரம் நிம்மதி. சமயேசுவரர் கோயிலும் பழையதுதான், நேரம் இருந்தால் பாருங்கள்.

பறவைக்கு வருகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பூநாரை பார்க்க நவம்பர் முதல் பிப்ரவரி வரை வாருங்கள். அப்போதும் ஊர்க் கரையில் நின்றால் தூரத்தில் வெளிர்சிவப்புக் கோடு மாதிரிதான் தெரியும். அண்ணாமலைச்சேரிப் பக்கம் போனால் இன்னும் கிட்டத்தில் பார்க்கலாம். ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில்தான் இருக்கிறது. சொந்த வண்டி இருந்தால் சூளூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்கு ஏரியின் குறுக்கே போகும் சாலை இதைவிட நல்ல இடம் என்பதை ஊர்ப்பாசத்தை மீறி ஒப்புக்கொள்கிறேன். பூநாரை தலையைத் தலைகீழாகக் கவிழ்த்து, மேல் அலகு அடியில் இருக்கிற மாதிரி வைத்துத் தண்ணீரை வடிகட்டும். பைனாகுலர் இருந்தால் அதைத்தான் முதலில் பாருங்கள்.

ஸ்ரீஹரிகோட்டா என்றதும் நினைவுக்கு வருகிறது. ராக்கெட் ஏவும் நாளாகப் பார்த்து வந்தால் லைட் ஹவுஸ் குப்பம் கடற்கரைக்குப் போவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. வடக்கே வெளிச்சம் எழும்பி, மேலே போய், வளைந்து, கிட்டத்தட்ட ஒன்றரை நிமிடம் கழித்துத்தான் உறுமல் வந்து சேரும். முதல் தடவை பார்க்கிறவர்கள் வெளிச்சம் போனதும் கிளம்பத் தொடங்குவார்கள், நாங்கள் சிரித்துக்கொண்டு "இருங்க, இருங்க" என்போம். ஒரு விஷயம்: அன்றைக்கு அந்தப் பக்கக் கடலில் படகு போகக்கூடாது. வேடிக்கை உங்களுக்கு, தொழில் நட்டம் எங்களுக்கு. அதனால் மறுநாள் மீன் விலை கூடினால் முனகாதீர்கள்.

படகு சவாரி பற்றி நிச்சயம் கேட்பீர்கள். 2011-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று சுற்றுலா வந்தவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதன்பிறகு சுற்றுலாப் படகுகளுக்குத் தடை. கரையில் யாராவது வந்து "சார், ஒரு ரவுண்டு போலாமா" என்று கூப்பிட்டால் போகாதீர்கள். மீன்பிடிப் படகு வலை ஏற்றத்தான் கட்டியது. பத்துப் பேர் ஒரே பக்கம் எழுந்து நின்று படம் எடுத்தால் அது தாங்காது.

வருவதற்கு: சென்னை சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி போகும் மின்சார ரயிலில் பொன்னேரியில் இறங்கி, அங்கிருந்து பேருந்து. ஏலத்தைப் பார்க்க வேண்டுமென்றால் முதல் ரயிலையோ சொந்த வண்டியையோ நம்புங்கள். தொப்பி, தண்ணீர், சேற்றில் நடக்கத் தோதான செருப்பு கொண்டுவாருங்கள். மழைக்காலத்தில் வருவதாக இருந்தால் சாலையில் தண்ணீர் நிற்கிறதா என்று ஊரில் யாரையாவது விசாரித்துக்கொள்ளுங்கள். மதியச் சாப்பாட்டுக்குக் கடைத்தெரு மெஸ் எதிலாவது மடவைக் குழம்பு இருக்கிறதா என்று கேளுங்கள். இருக்கிறது என்றால் வேறு எதையும் பார்க்காமல் உட்கார்ந்துவிடுங்கள். திரும்பும் பேருந்து நேரத்தைக் காலையில் இறங்கும்போதே நடத்துநரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், இருட்டிய பிறகு வண்டி குறைவு.