நாய்க்கூண்டு எங்கே, எப்படி? டர்பன் பக்கக் கேள்விகளும் பதில்களும்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கம் வீட்டு பிளான் வரைவது என் தொழில். கேட்பவர்களை அவரவர் ஊர்ப் பெயரால் குறித்திருக்கிறேன். கூண்டு, தரை, கதவு பற்றிக் கேளுங்கள். தீனி, மருந்து எனக்குத் தெரியாது.

சாட்ஸ்வொர்த்: அக்கா, வெயில் படாமலிருக்க வீட்டுக்கு வடக்கே கூண்டு வைக்கச் சொல்கிறது ஒரு சென்னை வீடியோ. சரியா?

சென்னைக்குப் பெரும்பாலும் சரி, அங்கே நடுப்பகல் வெயில் பெரும்பாலும் தெற்கிலிருந்து வரும். நாம் பூமத்திய ரேகைக்குத் தெற்கே, ஏறத்தாழ 30 டிகிரியில் இருக்கிறோம். இங்கே வருஷம் முழுக்க நடுப்பகல் வெயில் வடக்கிலிருந்துதான். இங்கே குளிர்காலமான ஜூனில் சூரியன் 37 டிகிரி உயரத்தோடு நின்றுவிடும். கோடையான டிசம்பரில் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு வரும். அதனால் வடக்கே வாசல் வைத்து இறவாரம் நீட்டினால், குளிர்கால வெயில் உள்ளே விழும், கோடை வெயில் விழாது. மேற்குச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள், சாயங்காலம் வரை வாங்கிய சூட்டை இரவில் கக்கும். தென்மேற்கு வாசலும் வேண்டாம், குளிர்காற்று மழையோடு அங்கிருந்துதான் வரும். வெறும் தகரக் கூரை போட்டால் எந்தத் திசையும் காப்பாற்றாது. அடியில் பலகை அடித்து, நடுவே காற்றுப் போக இடம் விடுங்கள்.

பீனிக்ஸ்: எங்கள் டாக்ஸ்ஹுண்ட் சோபாவிலிருந்து குதிக்கிறது. படி செய்யலாமா?

படியைவிடச் சரிவுப் பலகை நல்லது. முதுகு நீளம், கால் குட்டை. அந்த இனத்துக்கு முதுகெலும்புத் தட்டுத் தொல்லை சகஜம். 45 செ.மீ. சோபாவுக்கு 135 செ.மீ. நீளப் பலகை, வழுக்காமல் மேலே கம்பளம். ஜப்பானிய வடிவமைப்பாளர் கென்யா ஹாரா 2012இல் பல கட்டடக்கலைஞர்களை நாய்களுக்காக வரைய வைத்தார். அதில் டாக்ஸ்ஹுண்டுக்கு அட்லியே பௌ-வௌ என்ற கட்டடக்கலை நிறுவனம் செய்ததும் சரிவுதான்.

டொங்காட்: உண்ணிக்கு என்ன அடிக்கலாம்?

கால்நடை மருத்துவரைக் கேளுங்கள். பலகை இடுக்குகளில் உண்ணி ஒளியும், அதை மட்டும் அடைத்துவிடுங்கள்.

லெனேசியா: எந்தத் திசை பார்க்கணும்?

மேலே சொன்னதேதான். உங்கள் ஜோகன்னஸ்பர்க் பக்கம் உறைபனி உண்டு; கூண்டு சிறிதாக, தரையிலிருந்து 10 செ.மீ. தூக்கி இருக்கட்டும். தகரக் கூரை வேண்டாம்.

வெருலம்: அம்மா, தெற்கு யமன் திசை. அங்கே நாய் கட்டினால் குடும்பத்துக்கு ஆகாது.

தெற்கே கட்டச் சொல்லவில்லையே, தாத்தா. யமனுக்கே இரண்டு காவல் நாய்கள் உண்டென்று ரிக் வேதத்தில் இருக்கிறது.

சாட்ஸ்வொர்த்: பைரவருக்கு வாகனமே நாய்தான். வீட்டுக்குள்ளேயே விடலாமே?

வெருலம்: சாமி அறைக்குள் நாயா? நன்றாயிருக்கிறது!

பீனிக்ஸ்: தாத்தா, வெளியே விட்டால் திருடன் விஷம் வைக்கிறான். எங்கள் தெருவில் நடந்தது.

வெருலம்: உள்ளே தூங்கும் நாய் என்ன காவல் காக்கும்?

குரைப்பதற்கு உள்ளேயிருந்தால் போதும், தாத்தா. சாமி அறைக்கு ஸ்டேபிள் டோர் போடுங்கள்: கீழ்ப்பாதி மூடியிருக்கும், மேல்பாதி வழியாக விளக்குத் தெரியும். உங்களுக்கும் நிம்மதி, நாய்க்கும் கூடத்தில் இடம்.

ஐசிபிங்கோ: கூண்டு எந்தத் திசை, அக்கா?

வடக்கு, வடக்கு! முதல் பதிலைப் படியுங்கள்.

ஷால்கிராஸ்: பின்வாசல் பர்க்லர் கார்டில் (திருடன் நுழையாமல் போடும் இரும்புக் கம்பித் தடுப்பில்) நாய்க்கதவு வெட்டலாமா? எங்களுடையது போயர்போல் என்ற பெரிய காவல் நாய்.

வெட்டாதீர்கள். போயர்போல் நுழையும் ஓட்டையில் ஆளே நுழையலாம்.