51-ஐக் கொஞ்ச நாள் மூடி வையுங்கள்

கேள்வி: அப்பா மாரடைப்பில் இறந்து நான்கு மாதமாகிறது. முந்தின இரவு பண விஷயத்தில் கோபப்பட்டு போனை வைத்துவிட்டேன். மன்னிப்புக்காகத் தினமும் பைபிளில் 51-ம் சங்கீதம் வாசிக்கிறேன், பாரம் குறையவில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள், கர்த்தர் காப்பாற்றுவார் என்கிற 91-ஐச் சொல்லச் சொல்கிறார்கள், வாய் வரவில்லை. தூக்கமும் இல்லை. என் விசுவாசம் போய்விட்டதா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

51-ம் சங்கீதத்தின் தலைப்பைக் கவனித்தீர்களா? அடுத்தவன் மனைவியான பத்சேபாளோடு பாவம் செய்த பிறகு, நாத்தான் தீர்க்கதரிசி வந்து முகத்துக்கு நேரே கேட்டபோது தாவீது ராஜா பாடியது. அவள் கணவன் உரியாவைப் போர்முனையில் நிறுத்திக் கொல்லவைத்தவனின் ஜெபம் அது. நாள்தோறும் அதைச் சொல்லிச் சொல்லி, அப்பாவைக் கொன்றதே நீங்கள்தான் என்று உங்களுக்கு நீங்களே தீர்ப்பு எழுதிக்கொண்டிருக்கிறீர்களோ என்று பயப்படுகிறேன்.

கோபப்பட்டது தப்புதான், இல்லை என்று சொல்லமாட்டேன். அதற்கு 32-ம் சங்கீதம் போதும். பாவத்தை அடக்கிவைத்தபோது எலும்புகள் உலர்ந்துபோனதாகச் சொல்கிறவர், ஐந்தாம் வசனத்தில் அறிக்கையிடுகிறார். அதே வசனத்திலேயே மன்னிப்பும் கிடைத்துவிடுகிறது. அன்று போனில் சொன்ன வார்த்தைகளைச் சத்தமாக ஒரு தடவை கர்த்தரிடம் சொல்லிவிடுங்கள். நாளைக்கு மறுபடி அதே மனுவைத் தூக்கிக்கொண்டு போகவேண்டாம்.

அதற்குப் பிறகும் நெஞ்சில் கனக்கிறதே, அது குற்றம் இல்லை, துக்கம். அதற்கு 88-ம் சங்கீதம் இருக்கிறது. சபையில் யாரும் அதிகம் வாசிப்பதில்லை. 13-ம் சங்கீதம்கூட "எதுவரைக்கும்" என்று நான்கு தடவை கேட்டுவிட்டு ஆறாம் வசனத்துக்குள் பாட்டாக மாறிவிடும். 88 அப்படி மாறுவதே இல்லை. எபிரேயத்தில் அதன் கடைசிச் சொல்லே இருள். ஆனாலும் முதல் வசனத்தில் "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்று கூப்பிட்டுவிட்டுத்தான் அவ்வளவு புலம்பலும். அந்தச் சங்கீதத்தில் இருக்கிற நம்பிக்கை அந்த ஒரு கூப்பிடுதல்தான். உங்களிடமும் அது இருக்கிறது. இல்லாவிட்டால் இந்தக் கடிதத்தையே எழுதியிருக்கமாட்டீர்கள். சிலுவையில் இயேசு எடுத்ததும் 22-ம் சங்கீதத்தின் முதல் வரியை, "ஏன் என்னைக் கைவிட்டீர்" என்ற கேள்வியைத்தானே?

ஒரு வாரம் இரவில் 88-ஐ மட்டும் வாசியுங்கள். அழுகை வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடலாம், முடித்தே ஆகவேண்டும் என்றில்லை. தூக்கத்துக்கு ஒரு டாக்டரைப் பாருங்கள். அது அவிசுவாசம் ஆகாது.

91-ஐ என்ன செய்வது என்கிறீர்களா? சொல்லச் சொல்கிறவர்களையே வாசிக்கச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருங்கள்.