புதிதாக வாங்கிய சமையல் கத்தி தக்காளியைக்கூட வெட்டவில்லை. போலியா? திருப்பி அனுப்பிவிடலாமா?

போலியாகவும் இருக்கலாம், ஆனால் தக்காளி வெட்டவில்லை என்பது அதற்குச் சாட்சி ஆகாது. நீங்கள் ஆன்லைனில் ஆயிரத்து ஐந்நூறோ இரண்டாயிரமோ கொடுத்திருப்பீர்கள், பெட்டியைப் பிரிக்கும்போது வீட்டில் எல்லோரும் சுற்றி நின்றிருப்பார்கள், தக்காளி நசுங்கியிருக்கும், யாரோ ஒருவர் சிரித்திருப்பார். எப்படித் தெரியும் என்கிறீர்களா? எனக்கு அச்சு அசலாக அதுதான் நடந்தது. அதுவும் எனக்கு நடந்திருக்கவே கூடாது.

நான் கோவையில் ஒரு டூல் ரூமில் (அச்சும் கருவியும் செய்யும் பட்டறையில்) 22 வருடமாக கிரைண்டிங், அதாவது சுழலும் சாணைச் சக்கரத்தில் இரும்பைத் தேய்க்கும் வேலை, பார்க்கிறேன். சர்பேஸ் கிரைண்டர், கட்டர் கிரைண்டர், இதுதான் எனக்குச் சோறு. மூன்று வருடம் முன்பு தீபாவளி போனஸில் 3,800 ரூபாய்க்கு ஒரு ஐரோப்பியக் கத்தி வாங்கினேன். ஊரில் இருந்து மாமியார் வந்திருந்தார். அவர் முன்னால் தக்காளியில் வைத்து அழுத்தினேன், தோல் உள்ளே போனது, வெட்டு விழவில்லை, சாறு என் சட்டையில். "ஏனுங்க, இத்தனை வருசமா இதே வேலைதானே பாக்கறீங்க?" என்று மனைவி கேட்டாள். மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. அரிவாள்மனையை இழுத்துப் போட்டு மிச்சத் தக்காளியை அரிந்து முடித்துவிட்டார். அது வாங்கி முப்பது வருடமாவது இருக்கும்.

கோபத்தில் கத்தியைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை, திருப்பி அனுப்பிவிட்டேன். விற்றவர்கள் போனில், "சார், இந்த மாதிரிக் கத்தியை இழுத்து வெட்டிப் பழகணும்" என்று எனக்குப் பாடம் எடுத்தார்கள். சரி, மாற்றுக் கத்தி வந்தது. அது நேர் எதிர். கை முடியை மழித்தது, செய்தித்தாளைச் சத்தமில்லாமல் கிழித்தது. பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன் என்பதை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது, ஏனென்றால் பன்னிரண்டாம் நாள் அதே கத்தி வெங்காயத்தின் மேல் வழுக்கியது.

அப்புறம்தான் புத்தி வந்து, அதைத் துணியில் சுற்றி வேலைக்கு எடுத்துப்போய் மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் வைத்தேன். பிசிறு! விளிம்பு நெடுக, கிழிந்த சரிகை மாதிரி, பாதி ஒரு பக்கம் மடங்கி, பாதி உடைந்து விழுந்து. பிசிறு எடுக்காமல் ஜாப்பை, அதாவது தேய்த்த உருப்படியை, மேசைக்குக் கொண்டுவராதே என்று எத்தனை பையன்களைத் திட்டியிருப்பேன். அதையே 3,800 ரூபாய் கொடுத்து வாங்கி, ஆஹா என்ன கூர் என்று ஊருக்குக் காட்டியிருக்கிறேன்.

விஷயம் இதுதான். இரும்பைத் தேய்க்கும்போது விளிம்பில் மெல்லிய தகடு போலப் பிசிறு வளரும். கடைசியாக பஃப் (பாலிஷ் சக்கரம்) பிடிக்கிறபோது அதை அகற்றாமல் வெறுமே நிமிர்த்திவிட்டாலும் கத்தி முதல் நாள் அற்புதமாக வெட்டும், ஏனென்றால் அந்தப் பிசிறுதான் வெட்டுகிறது. பலகையில் நாலு நாள் மோதினால் மடங்கிவிடும். நான் திருப்பி அனுப்பிய முதல் கத்திக்கு அனேகமாக மறுகோடித் தவறு: பஃபில் அளவுக்கு மேல் அழுத்தி, கூர் விளிம்பையே உருட்டிவிட்டிருப்பார்கள். பார்க்காமல் அனுப்பிவிட்டேன், அதனால் இது ஊகம்தான்.

கம்பெனிக்காரனுக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். ஆனால் கூர் வைப்பது கடைசி வேலை, பெல்ட்டிலோ சக்கரத்திலோ ஒரு கத்திக்குக் கிடைப்பது கொஞ்ச நேரம்தான். அதோடு வாங்குகிறவன் எலும்பையும் தேங்காயையும் வெட்டுவான், மெல்லிய கூர் பல் விழுந்து திரும்பி வரும் என்ற பயமும் உண்டு. பல் விழுந்த கத்தியைத்தான் ஜனங்கள் திருப்பி அனுப்புவார்கள், சுமாராக வெட்டும் கத்தியை வைத்து ஓட்டிவிடுவார்கள். அதனால் கோணத்தைக் கொஞ்சம் தடியாகவே விட்டுவிடுவார்கள் என்பது என் கணிப்பு.

இன்னொன்று சூடு. கூலண்ட் (சூடு தணிக்கும் திரவம்) இல்லாமல் சக்கரத்தில் வைத்தால் ஜாப் எரிந்துபோகும் என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். கத்தி விளிம்பு அதைவிட மோசம், சூட்டை வாங்கிக்கொள்ள அங்கே கனமே இல்லை, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வேறு சூட்டைச் சுலபத்தில் கடத்தாது. பெல்ட்டில் உலர் தேய்ப்பு தேய்த்தால் நுனியில் ஒரு மயிரிழை மட்டும் டெம்பர், அதாவது கடினப் பதம், இறங்கி மெத்தென்று ஆகிவிடும். ஸ்டீல் நல்ல ஸ்டீல்தான், நுனி மட்டும் கெட்டது. இரண்டு மூன்று தடவை கல்லில் தண்ணீர் விட்டுத் தீட்டி அந்த நுனி கழிந்த பிறகுதான் நீங்கள் காசு கொடுத்த கத்தியே வெளியே வரும்.

"அப்படியென்றால் முதல் நாள் கூருக்கும் தரத்துக்கும் சம்பந்தமே இல்லையா" என்று யாராவது மல்லுக்கு வருவதற்கு முன்: கத்தியின் கூர்மையைச் சோதிக்க ஐஎஸ்ஓ 8442-5 என்று ஒரு தரநிலையே இருக்கிறது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் உள்ள காட்ரா என்ற நிறுவனம் அதற்கு மெஷின் செய்கிறது. மணல் போன்ற சிலிகா கலந்த அட்டையைக் கத்தி முன்னும் பின்னுமாக 60 தடவை அறுக்கும். முதல் 3 தடவையில் எவ்வளவு ஆழம் வெட்டியது என்பது ஒரு கணக்கு, 60 தடவையும் சேர்த்து எவ்வளவு என்பது இன்னொரு கணக்கு. ஆரம்பக் கூர் வேறு, அது நிற்பது வேறு என்று அவர்களே பிரித்துத்தான் எழுதுகிறார்கள். ஜப்பான் கத்தி வைத்திருப்பவர்களும் சண்டைக்கு வர வேண்டாம். கையால் தீட்டி நல்ல கூரோடு வருகிற கத்திகள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அங்கேயே பழைய பாணிக் கத்திகளில் சிலவற்றுக்குக் கடைசிக் கூரை விற்கும் கடையில்தான் வைத்துக் கொடுப்பார்கள்.

என் கத்தியை நானே தீட்டினேன். 1000 கிரிட் (நடுத்தர நைசு) தண்ணீர்க் கல், பக்கத்துக்கு 15 டிகிரி. சைன் பார் (கோணத்தை உயரமாக மாற்றி அளக்கும் எங்கள் கருவி) கணக்கு போட்டேன், 45 மில்லிமீட்டர் அகலக் கத்திக்கு முதுகு கல்லில் இருந்து 11.6 மில்லிமீட்டர் உயர வேண்டும். (மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.) ஒரு பக்கம் பிசிறு விரலில் தட்டும் வரை, அப்புறம் மறுபக்கம், கடைசியில் எடையே போடாமல் மாறி மாறி, முடிவாகப் பழைய தோல் பெல்ட்டில் பத்து இழுப்பு. மூன்று வருடம் ஆகிறது, மாதம் ஒரு தடவை தீட்டுகிறேன், மாமியார் வந்தால் இப்போது அந்தக் கத்தியைத்தான் கேட்கிறார். "கையில குடுக்காதீங்க மாப்பிள்ளை, கீழ வைங்க" என்பார், அது வேறு நம்பிக்கை.

எல்லோருக்கும் கல் பிடிக்கத் தெரியாது, நியாயம்தான். அதற்குத்தான் தெருவில் சாணை பிடிப்பவர் வருவார். வருவார் என்றா சொன்னேன்? எங்கள் குடியிருப்பில் வர முடியாது. சைக்கிள் சாணையோடு வரும் ஒரு பெரியவரை கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள், எந்த வீட்டுக்கு வருகிறீர்கள், செயலியில் அனுமதி இருக்கிறதா, ஓடிபி சொல்லுங்கள் என்று. அவரிடம் இருந்தது பட்டன் போன். பிரியாணி கொண்டுவரும் பையன் நிமிடத்துக்கு ஒருவன் உள்ளே போகிறான். சங்கக் கூட்டத்தில் எழுந்து கேட்டேன், "ஆயுதம் சம்பந்தப்பட்டது சார்" என்றார் செயலாளர். அவர் வீட்டுத் தேங்காய் அரிவாளை நான்தான் போன மாதம் தீட்டிக் கொடுத்தேன்.

சரி, உங்கள் கத்திக்கு வருகிறேன். விளக்குக்கு நேராக விளிம்பை மேல்நோக்கிப் பிடித்துப் பாருங்கள், வெள்ளையாக ஒரு கோடு மின்னினால் அது உருண்ட கூர் அல்லது மடங்கிய பிசிறு, தீட்டினால் சரியாகிவிடும். கத்தி வளைந்திருந்தாலோ பிடி ஆடினாலோ மட்டும் திருப்பி அனுப்புங்கள். ஆனால் எதுவானாலும் இந்த வாரமே முடிவு செய்யுங்கள், கல்லில் ஒரு தடவை வைத்துவிட்டால் பிறகு எந்தக் கடைக்காரரும் அதைத் திரும்ப வாங்க மாட்டார்.