சர்வரைப் பின்னணியில் ஓட்டுவது: சில கேள்விகள், பதில்கள்

கேள்வி: நோஹப் (nohup) கட்டளை போட்டு சர்வரை ஓடவிடுகிறேன். டெர்மினலை மூடினாலும் ஓடுகிறது. இது போதாதா?

பதில்: சோதனைக்குப் போதும். ஆனால் நிரல் செத்தால் யார் எழுப்புவது? மெஷின் ரீபூட் ஆனால்? அந்தப் பொறுப்பை சிஸ்டம்டியிடம் (லினக்ஸில் சர்வீஸ்களைத் தொடங்கிக் கவனித்துக்கொள்ளும் நிரல்) கொடுங்கள். சர்வீஸை எப்படி ஓட்டுவது என்று சொல்லும் யூனிட் கோப்பு ஒன்றைச் சின்னதாக எழுதி, எக்ஸெக்ஸ்டார்ட் வரியில் நிரலின் முழுப் பாதையையும், ரீஸ்டார்ட் வரியில் ஆன்-ஃபெயிலியர் என்றும் போடுங்கள். சிஸ்டம்டிக்கு ஆணையிடும் சிஸ்டம்சிடிஎல் கட்டளையில் ஸ்டார்ட் என்றால் இப்போது ஓடும். எனேபிள் என்றால் அடுத்த பூட்டிலிருந்து தானாக ஓடும். ஸ்டார்ட் மட்டும் கொடுத்துவிட்டு, ரீபூட்டுக்குப் பிறகு சர்வரைத் தேடுகிறவர்கள் ஏராளம். யூனிட் கோப்பின் இன்ஸ்டால் பகுதியில் வான்டட்பை வரி (பூட்டில் எதோடு சேர்ந்து தொடங்க வேண்டும் என்று சொல்வது) இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லாமல் எனேபிள் செய்து பயனில்லை.

கேள்வி: கையால் இயக்கினால் நன்றாக ஓடுகிறது. சர்வீஸாகப் போட்டால் உடனே விழுகிறது. ஏன்?

பதில்: அதிகம் வரும் கேள்வி இதுதான். உங்கள் டெர்மினலில் இருப்பது எதுவும் சிஸ்டம்டிக்குத் தெரியாது. டெர்மினல் திறக்கும்போது படிக்கப்படும் பேஷ்ஆர்சி கோப்பை அது படிப்பதில்லை. அங்கே எக்ஸ்போர்ட் செய்த பாஸ்வேர்டு, நீட்டி வைத்த பாத் (நிரல்களைத் தேடும் இடங்களின் பட்டியல்) எதுவும் நிரலுக்குக் கிடைக்காது. நிரல் தொடங்கும் டைரக்டரியும் வேறு. என்விரான்மென்ட்ஃபைல் (அந்த மாறிகளை எழுதிய கோப்பு), வொர்க்கிங்டைரக்டரி (தொடங்கும் டைரக்டரி), யூசர் (எந்தக் கணக்கில் ஓட வேண்டும்) மூன்றையும் யூனிட்டிலேயே எழுதிவிடுங்கள். யூசர் வரி இல்லாவிட்டால் ரூட்டாக (எல்லா உரிமையும் உள்ள கணக்கு) ஓடும், அது நல்லதல்ல.

இன்னொரு காரணமும் உண்டு. பழைய பாணி டீமன்கள் (பின்னணியில் ஓடும் நிரல்கள்) தாமே ஃபோர்க் செய்து, அதாவது தம் நகலை உருவாக்கி, பின்னணிக்குப் போய்விடும். யூனிட்டில் டைப் சிம்பிள் என்று எழுதியிருந்தால், முதல் புராசஸ் முடிந்ததுமே சர்வீஸே முடிந்ததாக எண்ணி, மிச்சமிருப்பதையும் சிஸ்டம்டி கொன்றுவிடும். முன்னணியிலேயே ஓடச் சொல்லும் ஆப்ஷன் இருந்தால் (வெப் சர்வரான என்ஜின்எக்ஸில் டீமன் ஆஃப்) அதைப் போடுங்கள். அது இல்லாத நிரலுக்கு மட்டும் டைப் ஃபோர்க்கிங், பிஐடி (புராசஸின் எண்) கோப்பு எல்லாம்.

எதையும் ஊகிக்கும் முன் ஜர்னல்சிடிஎல் கட்டளையில் லாகை (நிரலின் பதிவுகளை) படியுங்கள். ஸ்டேட்டஸ் 203 என்றால் நிரலையே இயக்க முடியவில்லை: பெரும்பாலும் பாதை தவறு, அல்லது எக்ஸிக்யூட் அனுமதி இல்லை.

கேள்வி: 80-ஆம் போர்ட்டைத் திறக்க அனுமதி இல்லை என்கிறது. ரூட்டாகவே ஓட்டிவிடலாமா?

பதில்: வேண்டாம். லினக்ஸில் வழக்கமாக 1024-க்குக் கீழுள்ள போர்ட்டுகளுக்குத் தனி உரிமை வேண்டும். யூனிட்டின் ஆம்பியன்ட்கேபபிலிட்டீஸ் வரியில் கேப்_நெட்_பைண்ட்_சர்வீஸ் என்று கொடுத்தால் அந்த ஓர் உரிமை மட்டும் கிடைக்கும்.

கேள்வி: கான்ஃபிக்கை மாற்றியும் ஒன்றும் மாறவில்லையே?

பதில்: எந்தக் கோப்பை மாற்றினீர்கள்? யூனிட் கோப்பு என்றால் டீமன்-ரீலோட், அப்புறம் ரீஸ்டார்ட். நிரலின் சொந்தக் கான்ஃபிக் என்றால் பல நேரம் ரீலோடே போதும்; பல டீமன்கள் சிக்ஹப் சிக்னல் வந்ததும் கோப்பை மறுபடி படித்துக்கொள்ளும். என்ஜின்எக்ஸ், எஸ்எஸ்ஹெச்டி (தொலைவிலிருந்து மெஷினுக்குள் நுழைய விடும் சர்வர்) இரண்டிலும் கான்ஃபிக்கைச் சரிபார்க்க மட்டும் ஓர் ஆப்ஷன் உண்டு. முதலில் அதை ஓட்டுங்கள். தொலைவிலுள்ள மெஷினில் எஸ்எஸ்ஹெச்டியைத் தொடுகிறீர்கள் என்றால், இருக்கும் இணைப்பை மூடாமல் இன்னொன்று போட்டுப் பாருங்கள். உள்ளே நுழைய முடிந்தால் சரி, பழையதை மூடலாம்.

கேள்வி: அதே மெஷினில் திறக்கிறது, வெளியிலிருந்து திறக்கவில்லை.

பதில்: சர்வர் 127.0.0.1-இல் (அந்த மெஷினுக்குள் மட்டும் எட்டும் முகவரி) மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும். எந்த முகவரியில் கேட்கிறது என்பதை எஸ்எஸ் (ss) கட்டளை காட்டிக்கொடுக்கும். 0.0.0.0 (எல்லா முகவரியிலும் கேட்பது) என்று மாற்றும் முன் ஃபயர்வாலைப் பாருங்கள். டேட்டாபேஸ் என்றால் மாற்றவே வேண்டாம்.