தம்பி அழுதால் அக்கா எழுந்துவிடுவாளா?

கேள்வி: சிஸ்டர், மகளுக்கு இரண்டரை வயது, மகனுக்கு ஏழு மாதம். இதுவரை எங்களோடு படுத்திருந்த மகனைப் போன வாரம்தான் அக்காவின் அறைக்கு மாற்றினோம். அவன் லேசாக முனகினாலே, அவள் எழுந்துவிடுவாளோ என்ற பயத்தில் ஓடிப்போய்த் தூக்கிவிடுகிறேன். ராத்திரியில் நான்கைந்து முறை இப்படித்தான். காலை ஐந்து மணிக்கு இரண்டு பேருமே விழித்துக்கொள்கிறார்கள். பகல் தூக்கமும் குழம்பிப்போய்விட்டது. பழையபடி பிரித்துவிடலாமா?

பதில்: அவசரப்பட்டுப் பிரிக்க வேண்டாம் அம்மா. புது ஏற்பாடு பழக ஒரு வாரம் போதாது. முதலில் அந்த ஓட்டத்தை நிறுத்துங்கள். குழந்தைகள் வார்டில் இரவு டியூட்டி பார்த்தவள் நான். ஒரு குழந்தை வீறிட்டு அழும். பக்கத்துக் கட்டில் குழந்தை புரண்டுகூடப் படுக்காது. இரண்டரை வயதுப் பிள்ளைக்கு இரவின் முதல் சில மணி நேரம் மிக ஆழ்ந்த தூக்கம். அந்த நேரத்தில் தம்பியின் அழுகை பெரும்பாலும் அவளை எட்டாது.

ஏழு மாதக் குழந்தையின் தூக்கம் சுமார் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை லேசாகி, மறுபடி ஆழத்துக்குப் போகும். லேசாகும்போது முனகுவான், காலை உதைப்பான், சின்னதாக ஒரு அழுகைகூட வரும். அப்போது நீங்கள் தூக்கினால், தானே தூங்கப் போயிருப்பவன் முழுசாக விழித்துவிடுவான். அதனால் கதவோரம் நின்று ஒன்றிரண்டு நிமிடம் கேளுங்கள். அழுகை ஏறிக்கொண்டே போனால் போங்கள். பெரிய விளக்கைப் போடாமல், பேச்சுக் கொடுக்காமல், முதலில் அவனைத் தூக்காமல், படுத்த நிலையிலேயே தட்டிக்கொடுத்துப் பாருங்கள். இந்த வயதில் ராத்திரி பாலுக்கு எழுவதும் இயல்புதான். பசி என்று தெரிந்தால் காக்க வைக்காதீர்கள்.

ஐந்து மணி விழிப்பு வேறு விஷயம். விடியும் நேரத்தில் இருவருக்குமே தூக்கம் லேசாகிவிடும்; ஒருவர் சத்தம் இன்னொருவரை எழுப்புவது அப்போதுதான். அந்த நேரத்தில் மட்டும் காத்திருக்காமல் சின்னவனை வெளியே எடுத்து வந்துவிடுங்கள். ஜன்னலுக்குக் கனமான திரை போடுங்கள். அப்புறம் ஒரு கணக்கும் பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னபடி, பகல் தூக்கத்தையும் சேர்த்து உங்கள் மகள் வயதில் 11 முதல் 14 மணி நேரமும், மகன் வயதில் 12 முதல் 16 மணி நேரமும் தேவை. மகள் ஏழு மணிக்கே படுத்து, பகலில் இரண்டு மணி நேரமும் தூங்கினால், ஐந்து மணிக்குள் 12 மணி நேரம் ஆகிவிடுகிறது. அவளுக்கு அதுவே போதுமானதாக இருக்கலாம். அப்படியானால் படுக்கும் நேரத்தைச் சில நாள் இடைவெளி விட்டுக் கால் மணி நேரமாகத் தள்ளிப் பாருங்கள்.

பகலில் இருவரையும் தயங்காமல் வெவ்வேறு அறையில் தூங்க வையுங்கள்.

இரவில் முதலில் தம்பியைப் படுக்க வையுங்கள். அந்த அரை மணி நேரம் மகளுக்கு மட்டும் சொந்தம். வேறு அறையில் மடியில் வைத்துக் கதை சொல்லி, பிறகு சத்தமில்லாமல் அழைத்துப் போங்கள். நாள் முழுக்க "உஷ், தம்பி தூங்குறான்" என்றே கேட்டு வளரும் பிள்ளைக்குத் தம்பி மேல் எப்படிப் பிரியம் வரும்? இதை நான் மிக முக்கியமாகச் சொல்கிறேன். பகலிலேயே அவளிடம், "ராத்திரி தம்பி அழுதா அம்மா வந்து பாத்துக்குவேன், நீ தூங்கு" என்று சொல்லி வையுங்கள். அவளுக்குப் புரியும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. அன்பு மிகுதியில் அவள் தன் தலையணையையும் பொம்மையையும் தம்பியின் தொட்டிலுக்குள் போடக்கூடும். ஒரு வயது வரை அங்கே எதுவுமே இருக்கக் கூடாது. தலையணை, போர்வை, பொம்மை எல்லாமே மூச்சை அடைக்கக் கூடியவை. அவள் ஏறி நிற்க வாகாக நாற்காலி எதுவும் தொட்டிலருகே வேண்டாம். அவனை மல்லாக்கத்தான் படுக்க வைக்க வேண்டும். இரண்டு பேரையும் ஒரே படுக்கையில் விடவே விடாதீர்கள்.

கேள்வி: எங்கள் மகளுக்கு நான்கு மாதம். மூன்று வயது அண்ணனின் அறையில் படுக்க வைக்கலாம் என்று ஒயிட் நாய்ஸ் கருவி (ஒரே சீரான இரைச்சலை எழுப்பி மற்ற சத்தங்களை மறைப்பது) வாங்கியிருக்கிறோம். தொட்டிலில் மாட்டலாமா?

பதில்: மாட்டாதீர்கள். காதருகே தொடர்ந்து ஒலிப்பது நல்லதல்ல. குறைந்தது இரண்டு மீட்டர் தள்ளி, சத்தத்தைக் குறைத்து வைக்க வேண்டும். ஆனால் மகளை இப்போது மாற்றவே வேண்டாம் என்பேன். முதல் ஆறு மாதமாவது குழந்தை பெற்றோரின் அறையில், தனிப் படுக்கையில் தூங்குவதே பாதுகாப்பு என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதெமி சொல்கிறது. அதுவரை கருவியை அண்ணன் அறையில் வைத்து, அவனை அந்தச் சத்தத்துக்குப் பழக்கிக்கொள்ளுங்கள்.