"சாமி எடுத்துக்கிட்டா தேவலை" என்று ஐயா சொல்லும்போது

வணக்கம் டாக்டர். கும்பகோணம் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். எங்களிடம் உள்ள 78 வயது ஐயா, விவசாயம் செய்தவர். மனைவி தவறிய பிறகு இங்கே வந்தார். இரண்டு வாரமாகச் சாப்பாட்டை ஒதுக்குகிறார், சர்க்கரை மாத்திரை வேண்டாம் என்கிறார். கைக்கடிகாரத்தைச் சமையல்கார அம்மாவிடம் கொடுத்துவிட்டார். "சாமி எடுத்துக்கிட்டா தேவலை" என்கிறார். "வயசானவங்க பேச்சு அப்படித்தான்" என்கிறார்கள் எங்கள் பணிப்பெண்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. நேராகக் கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிடுவோமோ? இவர்களுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது?
— ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

பயிற்சி அப்புறம் இருக்கட்டும், இன்றைக்கே ஐயாவிடம் கேளுங்கள். கேட்பதால் தற்கொலை எண்ணம் முளைப்பதில்லை என்பதை ஆய்வுகள் பலமுறை காட்டியிருக்கின்றன. தனியிடத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, "உயிரை விட்டுடலாம்னு நினைப்பு வருதாங்கய்யா?" என்று கேளுங்கள். ஆமாம் என்றால், "எப்படி, எப்போன்னு யோசிச்சீங்களா?" என்று கேளுங்கள். "சாமி எடுத்துக்கட்டும்" என்ற சலிப்புக்கும் வழியும் நேரமும் யோசித்து வைத்திருப்பதற்கும் உள்ள தூரம் அப்போதுதான் தெரியும். யோசித்து வைத்திருந்தால் ஒரு நிமிடம்கூடத் தனியே விடாதீர்கள். அன்றே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. உடனடி ஆபத்து என்றால் 108. வெறும் சலிப்புதான் என்றாலும் இந்த வாரத்துக்குள் காட்டிவிடுங்கள்.

பணிப்பெண்களுக்கு இரண்டு மணி நேரம் போதும். அதில் பாதியை அந்தக் கேள்வியை வாய்விட்டுச் சொல்லிப் பழகுவதற்கே ஒதுக்குங்கள். ஒருவர் ஐயாவாக உட்காரட்டும், இன்னொருவர் கேட்கட்டும். தற்கொலை என்ற சொல் நாக்கில் வராமல்தான் பலர் "அப்படியெல்லாம் பேசலாமா, பேரப்பிள்ளைங்களை நினைச்சுப் பாருங்க" என்று மூடிவிடுகிறார்கள். அதோடு பெரியவர் பேச்சை நிறுத்திக்கொள்வார். "யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் செய்யவும் கூடாது.

முதியவர்கள் "மனசு சரியில்லை" என்று சொல்வது குறைவு. உடம்பெல்லாம் வலி, தூக்கமில்லை, வாய்க்குப் பிடிக்கவில்லை என்பார்கள். அதனால் அவரவர் வழக்கத்திலிருந்து என்ன மாறியது என்று பார்க்கச் சொல்லுங்கள். ஜூன் பிறந்தால் "மேட்டூர் திறந்தாச்சா?" என்று நாலு பேரிடம் கேட்கிற மனுஷர் இந்த வருஷம் கேட்கவே இல்லையென்றால் அது பெரிய செய்தி. பொருளைக் கொடுத்துவிடுவது, மருந்தை மறுப்பது, பல நாள் வாட்டத்துக்குப் பிறகு திடீரென்று அமைதியாவது மூன்றுமே எச்சரிக்கை. ஒரே நாளில் ஆள் குழம்பிப் பேசினால் அது வேறு. சிறுநீர்த் தொற்றோ சோடியம் குறைவோ இருக்கலாம், பொது மருத்துவரிடம் உடனே காட்டவேண்டும். ஷிப்ட் மாறும்போது தூக்கம், சாப்பாடு, சொன்ன வார்த்தை மூன்றையும் நோட்டில் எழுதட்டும். வார்த்தையை அவர் சொன்னபடியே எழுதவேண்டும், "சோகமாக இருந்தார்" என்றெழுதினால் அடுத்தவருக்குப் பயன்படாது.

தோட்டத்துக்கு வாங்கிய பூச்சிமருந்தை வளாகத்திலேயே வைக்காதீர்கள். மாத்திரைகள் பூட்டிய பெட்டியில் இருக்கட்டும். வேளைக்கு வேளை கொடுத்து, விழுங்குவதைப் பாருங்கள். மனச்சோர்வு மருந்து வேலை செய்யத் தொடங்கவே இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். அந்த நாட்களிலும், மருத்துவமனையிலிருந்து திரும்பிய முதல் வாரங்களிலும் கண் கூடுதலாக இருக்கவேண்டும்.

போலீஸ் கேஸ் ஆகுமோ என்று பயந்து மறைக்கிற இல்லங்கள் உண்டு. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆவது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதி, தண்டனை கூடாது என்கிறது. இதையும் பெண்களுக்குச் சொல்லுங்கள். இரவில் தடுமாறினால் அவர்களே 14416-க்கு அழைக்கலாம். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, 24 மணி நேரமும் தமிழில் பேசுவார்கள். அந்த எண்ணை நோட்டின் அட்டையிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.